தெற்குப் பார்த்த ஜன்னல்

மார்கழி விடியல். ஏரிப் பக்கமிருந்து மூடுபனி சேலையூர்த் தெருவுக்குள் வந்திருக்கிறது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை.

மூச்சு உள்ளே வருகிறது. மூக்கு நுனியில் குளிர். மூச்சு வெளியே போகிறது. அதே இடத்தில் லேசான சூடு.

*

தை பிறக்கும்போது சுவிட்சர்லாந்தில், டாவோஸில் இருக்க வேண்டும். மகள் குடும்பம் ஜூரிச்சிலிருந்து ரயிலில் வந்துவிடும். பேரன் பனிச்சறுக்கு கற்கப்போகிறான்.

இரண்டு அறைகள் பார்த்து வைத்திருக்கிறாள்.

ஒன்று சரிவின் காலடியில். கதவைத் திறந்தால் பனி. வாசலிலேயே ஸ்கீயை மாட்டிக்கொள்ளலாம். வாசலிலேயே கழற்றலாம்.

மற்றது பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம். வெயில் விழும் பக்கம். சறுக்கப் போக பஸ் பிடிக்க வேண்டும்.

“எதுப்பா எடுக்கட்டும்?”

*

சறுக்கப்போவது பேரன். அறையில் இருக்கப்போவது நான்.

காலையிலிருந்து இருட்டும்வரை ஒரு ஜன்னல்.

நினைத்துப் பார்க்கிறேன். வருத்தம் எதுவும் வரவில்லை. ஜன்னலின் அகலம் மட்டும் மனதில் வருகிறது.

*

மின்சார ரயில் தாம்பரம் சானடோரியத்தில் நிற்கிறது. யாரோ இறங்குகிறார்கள். யாரோ ஏறுகிறார்கள்.

ஒரு மருத்துவமனை ஸ்டேஷனுக்குப் பெயராகி, அந்தப் பகுதிக்கே பெயராகியிருக்கிறது. 1928-ல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து தொடங்கியது. அதற்கு முன் இங்கிலாந்தில், மென்டிப் குன்றுகளில், காசநோயாளிகளைக் கவனித்தவர். 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது.

அன்று காசநோய்க்கு மருந்து கிடையாது. காற்று. வெயில். ஓய்வு. சாப்பாடு.

கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்பதே வைத்தியத்தில் ஒரு பகுதி.

*

டாவோஸும் நெஞ்சு நோயால் வளர்ந்த ஊர். கடல் மட்டத்திலிருந்து 1,560 மீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இருமிக்கொண்டு வந்தவர்கள் அங்கே தங்கினார்கள். கம்பளியைச் சுற்றிக்கொண்டு பால்கனியில் படுத்திருந்தார்கள். பனிக்காலத்திலும். மணிக்கணக்கில். அசையாமல்.

ஊருக்கு மேலே ஷாட்ஸால்ப். 1,861 மீட்டர். 1900-ல் சானடோரியமாகத் திறந்தது. பழநி மலைக்கு ஏறுவது போல விஞ்சில் ஏறிப் போக வேண்டும். இப்போது ஓட்டல்.

படங்களைப் பார்க்கிறேன். வெயிலைப் பார்த்து நீளும் பால்கனிகள். விடுமுறைக்கு வருகிறவர்கள் சாய்ந்திருக்கிறார்கள்.

நுரையீரலுக்காகக் கட்டிய பால்கனிகள்.

*

அப்பாவின் அக்கா இங்கே, தாம்பரத்தில், படுத்திருந்தாராம். நான் பிறப்பதற்கு முன்.

வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை. ஒரே ஒரு வாக்கியம் தப்பி வந்திருக்கிறது.

“அத்தைக்கு ஜன்னலோரக் கட்டில் கெடச்சுது.”

*

மூச்சைக் கவனிக்கிறேன். கவனித்தவுடன் அது மாறுகிறது. விட்டுவிடுகிறேன். தன் போக்கில் போகிறது.

*

1890-களில் ஆர்தர் கோனன் டாயில் டாவோஸுக்கு வந்தார். மனைவி லூயிசாவுக்குக் காசநோய்.

1894 மார்ச் மாதம் பிராங்கர் சகோதரர்கள் இருவரோடு, ஸ்கீ கட்டிக்கொண்டு, மலையைத் தாண்டி அரோசாவுக்குப் போனார். அதைப் பற்றி அவர் எழுதினார். இங்கிலாந்தில் பலர் படித்தார்கள். சறுக்குவதற்காகவே ஆல்ப்ஸுக்கு வருவது பிறகு பழக்கமானது.

ஒருவர் சரிவில். ஒருவர் ஓய்வில். ஊர் இரண்டு பேருக்கும் இடம் கொடுத்திருக்கிறது.

லூயிசாவுக்குக் கிடைத்த ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்தது?

*

விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு பயிற்சி விமானம் எழுகிறது. சத்தம் முதலில் வருகிறது. பிறகு மூடுபனிக்கு மேலே ஒரு புள்ளி.

பிலாட்டஸ். சுவிட்சர்லாந்தில், ஸ்டான்ஸ் என்ற ஊரில் செய்தது. லூசெர்ன் பக்கத்து மலை ஒன்றின் பெயர் அது. 2,128 மீட்டர்.

மலையின் பெயர் சேலையூருக்கு மேலே ஒரு வட்டம் போடுகிறது. பள்ளி வேன் ஹாரன் அடிக்கிறது.

*

தை முதல் நாள் நடுப்பகலில் தாம்பரத்துச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 56 டிகிரி உயரத்தில் இருக்கும். டாவோஸில் 22.

கையை நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை ஏறக்குறைய அந்த 22 டிகிரி. ஒரு சாண்.

அந்தச் சாணுக்கு மேல் நிற்கிற எந்த மலையும் தெற்கே இருந்தால் நடுப்பகலை மறைத்துவிடும்.

மொட்டைமாடியில் நின்று கையை நீட்டுகிறேன். விரித்த சாணுக்குள் வேப்பமரம், செல்போன் டவர், பக்கத்து அடுக்ககத்தின் மூன்று மாடி.

*

இத்தாலி ஆல்ப்ஸில் விகனெல்லா என்று ஒரு சிற்றூர். நவம்பர் 11 முதல் பிப்ரவரி 2 வரை சூரியன் மலைக்குப் பின்னாலேயே கடந்து போய்விடும். 2006-ல் எதிர்மலையில் பெரிய கண்ணாடி ஒன்றை நிறுத்தினார்கள். 8 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம். சூரியனோடு அது திரும்புகிறது. ஊர்ச் சதுக்கத்தில் வெளிச்சம் விழுகிறது.

அந்தச் சதுக்கத்தில் நிற்பவர்களின் முகத்தை நினைத்துக்கொள்கிறேன்.

*

இங்கே மனை விளம்பரத்தில் கிழக்குப் பார்த்தது முதலில் போகும். பிறகு வடக்கு. தெற்குப் பார்த்ததை வாங்கப் பலர் தயங்குவார்கள்.

அங்கே தெற்குக்கு விலை.

பங்குனி வந்தால் நாம் நிழல் தேடுவோம். வெயிலைத் தேடிப் போகும் உடம்பை இங்கிருந்து கற்பனை செய்வது மெதுவாகத்தான் வருகிறது.

*

பனி நிழலில் தங்கும். வடக்கு முகச் சரிவில் நாள்கணக்காகக் கலையாமல் கிடக்கும். தெற்கு முகத்தில் பகலில் இளகி, இரவில் இறுகி, காலையில் கட்டியாக இருக்கும்.

நல்ல பனியின் காலடியில் வீடு. ஜன்னல் சரிவைப் பார்க்க வேண்டும். அப்படியென்றால் தெற்கே பார்க்க வேண்டும். தெற்கே சூரியன்.

இரண்டுக்கும் நடுவில் மலை.

*

முதல் அறை போல்கன் சரிவின் பக்கத்தில். ஜாகோப்ஸ்ஹார்ன் மலையடி. 1934 டிசம்பர் 24 அன்று எர்ன்ஸ்ட் கான்ஸ்டாம் என்ற பொறியாளர் அமைத்த இழுவைக் கம்பி அங்கேதான் ஓடத் தொடங்கியது. கம்பியில் தொங்கும் கட்டையில் சாய்ந்தால் போதும். மேலே இழுத்துப் போகும்.

அதற்கு முன் அந்தச் சரிவில் ஒவ்வோர் இறக்கத்துக்கும் ஓர் ஏற்றம். நடந்தே. ஒரு நாளில் எத்தனை இறக்கம் என்பதை மூச்சு முடிவு செய்தது.

பேரன் முதலில் விழப்போவதும் அங்கேதான். புதிதாகக் கற்பவர்களுக்கான சரிவு. ஜன்னலிலிருந்து தெரியும் என்று மகள் எழுதியிருக்கிறாள்.

விழுவது தெரியும். எழுவதும் தெரியும்.

*

1,560 மீட்டரில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. ஷாட்ஸால்பில் ஐந்தில் ஒரு பங்கு.

தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் நின்று நின்று ஏறுகிறேன். பின்னால் வருபவர்கள் விலகிப் போகிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கைப்பிடிக் கம்பி குளிர்ந்திருக்கிறது.

நெஞ்சு ஏறுகிறது. இறங்குகிறது.

*

சமையலறை இருக்கிற அறை வேண்டும். இரண்டிலும் இருக்கிறது.

அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிப்பது போலத் தெரியும். பருப்பு சீக்கிரம் வேகாது, நேரமெடுக்கும். சின்னக் குக்கரைப் பெட்டியில் வைக்க வேண்டும். பச்சரிசி, பாசிப்பருப்பு, மிளகு. வெல்லம் தனியாக, துணியில் சுற்றி.

மஞ்சள் கொத்து கொண்டுபோக முடியாது. பானைக்குப் பதில் குக்கரின் கழுத்தில் மஞ்சள் கிழங்கு ஒன்றை நூலில் கட்டலாம்.

*

பொங்கல் வாரம் அங்கே இடைவெளி. கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டம் போயிருக்கும். பிப்ரவரிப் பள்ளி விடுமுறை இன்னும் வந்திருக்காது. வரிசை குறைவு. குளிர் அதிகம். இரவில் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி என்பது சாதாரணம்.

அதை ஒட்டி உலகப் பொருளாதார மன்றம் கூடும் வாரம். அப்போது டாவோஸில் அறை கிடைப்பது அரிது. இடைவெளி சிறியது.

*

டாவோஸில் பனியை ஆராய ஒரு நிறுவனம் இருக்கிறது. வைஸ்ஃப்ளூயோஹ் மலையில் 1936-லிருந்து பனியின் உயரத்தை அளக்கிறார்கள். பனிச்சரிவு வரக்கூடிய இடங்களுக்குச் சுவிட்சர்லாந்தில் வண்ணம் தீட்டிய வரைபடம் உண்டு. சிவப்பில் புதிதாக வீடு கட்டக் கூடாது. நீலத்தில் நிபந்தனையோடு கட்டலாம்.

இரண்டு அறைகளையும் அதில் தேடுகிறேன். விரல் மெதுவாக நகர்கிறது.

*

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை.

ஒரு சென்டிமீட்டர் மழைநீர் புதுப்பனியாக விழுந்தால் தோராயமாகப் பத்து சென்டிமீட்டர் உயரும். அந்த மழை பனியாக விழுந்திருந்தால் ஐந்து மீட்டருக்குக் கிட்டே.

பக்கத்து முடிச்சூர்ச் சுவர்களில் தண்ணீர் நின்ற கோடு பல நாள் இருந்தது. பிறகு சுண்ணாம்பு அடித்தார்கள்.

தண்ணீருக்கும் பனிக்கும் போகும் வழி தெரியும். அந்த வழியில் யார் தூங்குகிறார்கள் என்பது தெரியாது.

*

1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து சுவிட்சர்லாந்துக்குப் போனவர்களில் பலர் ஓட்டல் சமையலறைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பாத்திரம் கழுவுவது. காய் நறுக்குவது. அறை பெருக்குவது.

மலை ஓட்டல்களின் பின்கதவுகள். ஆவி படிந்த சிறிய ஜன்னல்கள். முதல் பனிக்காலத்தில் அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று யோசிக்கிறேன். கைகள் சுடுநீரில். கண்ணாடிக்கு வெளியே வெள்ளை.

யோசனை கொஞ்ச நேரம் இருக்கிறது. போகிறது.

*

1959-ல் சென்னையிலிருந்து ஓர் ஆய்வு வெளியானது. சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம். ஒரு பிரிவினர் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டார்கள். நெருக்கமான வீடுகள், போதாத சாப்பாடு. இன்னொரு பிரிவினர் சானடோரியத்தில். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, அதே மருந்து.

இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு குணம்.

குணமாக்கியது மருந்து. படுக்கவைத்து வைத்தியம் பார்க்கும் வழக்கம் உலகெங்கும் குறைந்தது. லட்சக்கணக்கான பேர் வீட்டைவிட்டுப் பிரியாமல் பிழைத்தார்கள். எவ்வளவு பெரிய விஷயம் அது. நம் ஊரில் நடந்தது.

ஜன்னலோரக் கட்டில் அந்தக் கணக்கில் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனாலும் வீட்டில் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் வைத்திருந்தார்கள்.

*

மதியம். சானடோரியம் வளாகத்து மரங்கள். இப்போது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. ஒரு பெண்மணி தூக்குச்சட்டியோடு நிழலில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே அவருடையவர் யாரோ.

இருமல் சத்தம் ஒன்று. பிறகு இல்லை.

காற்று வருகிறது. இலைகள் அசைகின்றன. காற்று நிற்கிறது.

*

தினசரிக் காலண்டரில் பொங்கல் வைக்க நல்ல நேரம் போட்டிருக்கிறார்கள். சென்னைக்கு ஓர் உதயம், எல்லா வீட்டுக்கும் அதே.

டாவோஸில் சூரியன் முகட்டைத் தாண்டி வரும் நேரம் பக்கத்துக்குப் பக்கம் வேறு. வெயில் பக்கத்து அறையில் குக்கர் பொங்கும்போது அது வந்திருக்கலாம். போல்கனில் பேரன் அதற்கு முன்பே சரிவில் நிற்பான்.

முகட்டின் உயரம் எத்தனை சாண் என்று மகளிடம் கேட்க வேண்டும். இரண்டு ஜன்னலிலிருந்தும்.