நீட்டிய கை

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரயில் பாதையில் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத் என்று மூன்று ஸ்டேஷன்கள் அடுத்தடுத்து வரும். இன்னும் கொஞ்ச தூரம் போனால் காயல்பட்டினம். கடைசியில் செந்திலாண்டவன் சந்நிதி. பெருமாள், ஏசு, அல்லா, முருகன் எல்லாரும் ஒரே டிக்கெட்டில் அடங்கிவிடுகிறார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். வேடிக்கை இருக்கட்டும். ஆழ்வார்திருநகரிக்கும் நாசரேத்துக்கும் நடுவே சில மைல் தூரந்தான். அந்தச் சில மைலுக்குள் மனிதனுடைய விசுவாசத்தின் இரண்டு வகைகள் எதிரும் புதிருமாக நிற்கின்றன. ஒன்று, உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாத விசுவாசம். மற்றொன்று, கப்பலேறி வந்த விசுவாசம்.

ஆழ்வார்திருநகரிக்குப் பழைய பெயர் குருகூர். நம்மாழ்வார் பிறந்தது முதல் வாய் திறவாமல், புளிய மரத்தடியில் பதினாறு வருஷம் யோகத்தில் இருந்தார் என்பது ஊரறிந்த கதை. உறங்காப்புளி என்று இன்றும் கோயிலுக்குள் அந்த மரத்தைக் காட்டுகிறார்கள். அவர் யாரையும் தேடிப் போகவில்லை. திவ்ய தேசத்துப் பெருமாள்களே தங்களைப் பாடும்படி அவரைத் தேடி வந்தார்கள் என்று வைஷ்ணவர்கள் சொல்லி மகிழ்வார்கள். தேடி வந்த மனிதர் ஒருவரும் உண்டு. மதுரகவி என்று பெயர். பக்கத்துத் திருக்கோளூர்க்காரர். வடக்கே அயோத்தி வரையில் யாத்திரை போனவர், தென் திசையில் ஓர் ஒளியைக் கண்டு, அதைப் பின்பற்றி நடந்து வந்து, கடைசியில் சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே குருவைக் கண்டுகொண்டார். குருவோ வயதில் மிகவும் இளையவர். வேளாளர் குலத்தில் பிறந்தவர். வந்தவர் வேதம் படித்த பிராமணர், வயோதிகர். அவர் அந்தப் புளிய மரத்தின் முன்னால் போய் நின்று செய்த முதல் காரியம் உபதேசம் பண்ணியது அல்ல. ஒரு கேள்வி கேட்டார். பதில் வந்தது. விழுந்து கும்பிட்டார். பிறகு ஆயுள் முழுவதும் ஆழ்வாரையே தெய்வமாகப் பாடிக்கொண்டிருந்துவிட்டார்.

இனி அடுத்த ஸ்டேஷனுக்கு வருவோம்.

ஆர்தர் மர்காஷிஸ் என்ற ஆங்கில இளைஞர் 1876-இல் நாசரேத்துக்கு வந்து சேர்ந்தார். 1852-ஆம் வருஷக் கடைசியில் பிறந்தவர். அப்போது இருபத்துநாலு வயதுகூட நிரம்பவில்லை. 1908-இல் அந்த ஊரிலேயே கண்ணை மூடினார். முப்பத்திரண்டு வருஷம். இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் வெள்ளைக்காரப் பாதிரிமார்களை 'ஐயர்' என்று அழைப்பது வழக்கம். ரேனியஸ் ஐயர், கால்டுவெல் ஐயர், போப்பையர் என்ற வரிசையில் மர்காஷிஸ் ஐயரும் ஒருவர்.

நான் கதை எழுதுகிறவன். முப்பத்திரண்டு வருஷத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக மனம் வருவதில்லை. அந்தக் காலத்து மிஷன் ஊழியர் ஒருவருடைய ஒரு நாளை நினைத்துப் பார்க்கிறேன். விடியற்காலையில் கோயில் மணி. ஜெபம். முன்ஷியின் எதிரே உட்கார்ந்து தமிழ்ப் பாடம். 'பழம்' என்ற ஒரு சொல்லுக்காக நாக்கு படும் பாடு. வெயில் ஏறுவதற்குள் மருந்துக்கு வந்தவர்கள் கூட்டம்: புண்ணும் காய்ச்சலும் கண்வலியும். அப்புறம் பள்ளிக்கூடம். உபதேசியார்கள் கொண்டுவரும் கணக்கு, வழக்கு, கோள். பிற்பகலில் மாட்டு வண்டி. தாமிரபரணி பாயும் பச்சை வயல் நாசரேத்தைத் தாண்டினால் மெல்ல மெல்ல முடிந்து, பனையும் செம்மணலுமான தேரிக்காடு தொடங்கும். இரவில் லாந்தர் வெளிச்சத்தில் லண்டன் சங்கத்துக்கு ரிப்போர்ட். அதன் பிறகு தாயாருக்கு ஒரு கடிதம். பதில் வர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தக் கடிதத்தை ஒட்டிய பிறகு, விளக்கை அணைப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் இருக்கிறதே, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'என்னை யார் கூப்பிட்டார்கள்?' என்ற கேள்வி அந்த நிமிஷத்தில் வராமல் இருந்திருக்காது. கடவுள் கூப்பிட்டார் என்று அவன் பதில் சொல்லிக்கொண்டிருப்பான். அந்தப் பதில் அவனுக்குப் போதும். ஆனால் அவன் வந்து சேர்ந்த ஊர்க்காரனுக்கு அது போதுமா?

அவனை ஊரார் கூப்பிடவில்லை என்பது வாஸ்தவந்தான். கூப்பிடாமல் வந்தவனைச் சோதிக்க ஒரு காலமும் வந்தது. மர்காஷிஸ் வந்த அதே வருஷத்தில் தாது வருஷப் பஞ்சம் தொடங்கிவிட்டது. 1876 முதல் 1878 வரையில் தென்னாட்டைச் சூறையாடிய பஞ்சம் அது. பின்னாலேயே காலராவும் வந்தது. பெற்றோரை இழந்த குழந்தைகள் நாசரேத்தில் சேர்ந்தார்கள். அந்த ஒன்றிரண்டு வருஷங்களில் திருநெல்வேலிச் சீமையில் பல்லாயிரம் பேர் கிறிஸ்தவ சபைகளில் வந்து சேர்ந்தார்கள்.

அப்போதே பலர் கேட்ட கேள்வி இது: இவர்கள் ஏசுவுக்காக வந்தார்களா, கஞ்சிக்காக வந்தார்களா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறபோது நாம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கேட்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. கஷ்டத்தில் கூப்பிட்டது பக்தி ஆகாது என்றால் கஜேந்திரனை என்ன செய்வது? முதலை காலைப் பிடித்து, தன் பலமெல்லாம் ஓய்ந்த பிறகுதானே அந்த யானை 'ஆதிமூலமே' என்று அலறியது? அதை நாம் முதலைக்குப் பயந்த பக்தி என்று ஏளனம் செய்வதில்லை. கோபுரத்தில் சிற்பமாக வைத்திருக்கிறோம். பசியும் ஒரு முதலைதான். அது காலைப் பிடித்திருக்கிறபோது நீண்ட ஒரு கையைக் கண்டு, 'இந்தக் கையில் தெய்வம் இருக்கிறது' என்று ஒருவன் நினைத்தால், அவன் நினைப்பைப் பொய் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

ஆகவே வாங்கியவனை விட்டுவிடுவோம். கொடுத்தவனைத்தான் விசாரிக்க வேண்டும். கொடுக்கிறவன் தன் நம்பிக்கையை உண்மை என்று நம்புகிறான். அது பிறருக்கும் வேண்டும் என்று ஆசைப்படுகிறான். ஆசைப்படுவது குற்றமில்லை. நல்ல கிணறு வெட்டியவன் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடாமல் இருந்தால் அதுதான் குற்றம். ஆனால் ஒரு கையில் கஞ்சியும் இன்னொரு கையில் வேதமுமாக நிற்கிறவன், எதிரே நிற்பவனுக்கு 'வேண்டாம்' என்று சொல்ல இடம் வைத்தானா? கஞ்சியை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவனை அவன் முகம் கோணாமல் வழியனுப்பினானா? தானத்துக்கும் வியாபாரத்துக்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அந்த இளைஞர் 1878-இல் நாசரேத்தில் ஒரு கைத்தொழில் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். தச்சு, கொல்லு, தையல் போன்ற தொழில்களைப் பஞ்சத்தில் அநாதையான பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க ஏற்பாடாயிற்று. இந்தக் காரியத்துக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை உண்டாகிறது. கஞ்சி வாங்கியவன் மறுநாளும் வந்து நிற்க வேண்டும். உளியும் இழைப்புளியும் பிடிக்கப் பழகியவன் வர வேண்டியதில்லை. எந்த ஊருக்கும் போய்ப் பிழைப்பான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவதும் வராமலிருப்பதும் அவன் இஷ்டம். தன்னை விட்டுப் போய்விடக்கூடிய சக்தியையும் சேர்த்துக் கொடுப்பவனைத்தான் கொடையாளி என்று சொல்ல வேண்டும்.

கை சரி. கண்? அதையும் பார்க்க வேண்டும். கொடுக்கிறவன் எந்த உயரத்திலிருந்து பார்க்கிறான்?

கால்டுவெல் ஐயரை எடுத்துக்கொள்வோம். 1841-இல் இடையன்குடிக்கு வந்து, அரை நூற்றாண்டு அந்த மணற்காட்டைத் தம் ஊராக்கிக்கொண்டவர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்டுத் தமிழனுக்குத் தன் மொழியின் பெருமையைக் காட்டிக்கொடுத்தவர். 1891-இல் இறந்த பிறகும் இடையன்குடிக் கோயிலிலேயே அடக்கமானவர். அவரேதான் 1849-இல், தாம் யாருக்காக உழைத்தாரோ அந்த நாடார் சமூகத்தாரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அறிவில் தாழ்ந்தவர்கள் என்ற தோரணையில் அதில் எழுதியிருந்ததை அந்தச் சமூகம் மன்னிக்கவில்லை. இங்கிலாந்தில் பணம் கொடுப்பவர்களுக்காக எழுதியதை, இங்கே உள்ளவர்கள் ஒரு நாள் படிப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை போலும். படிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்கள்தானே!

எதிர்ப்புத் தெரிவித்தவர்களில் முக்கியமானவர் சட்டாம்பிள்ளை. நாசரேத் மிஷனில் படித்து, உபதேசியாராக இருந்து, 1850 வாக்கில் அங்கிருந்த வெள்ளைக்கார மிஷனரியோடு மோதி விலகியவர். 1857-இல் சனிக்கிழமையை ஓய்வு நாளாகக் கொண்ட தனிச் சபை ஒன்றைப் பக்கத்துப் பிரகாசபுரத்தில் அமைத்தார். ஏசுவை அவர் விடவில்லை, துரையைத்தான் விட்டார். வாங்கியவன் தனக்கென்று ஒரு மனம் உண்டு என்று சொன்ன சொல் அது. மிஷன்காரர்களுக்கு அது துரோகமாகப் பட்டது. எனக்கு என்னவோ, அவர்கள் கொடுத்த கல்வி பலித்ததற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை என்று தோன்றுகிறது.

என் ஆச்சி ஆழ்வார்திருநகரிக்காரி. மார்கழி மாதம் முழுவதும் விடியுமுன் ஆற்றில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போகிறவள். ஒருமுறை காய்ச்சல் முற்றி, நாசரேத் மிஷன் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தாள். அங்கே ஒரு சின்ன வயசு நர்ஸ் தினமும் சாயங்காலம் கட்டிலருகில் நின்று கண்ணை மூடி ஜெபம் செய்துவிட்டுப் போவாளாம். வீட்டுக்கு வந்ததும் என் சித்தப்பா, "வேண்டாம்னு சொல்றதுக்கென்ன?" என்று கோபித்துக்கொண்டார். ஆச்சி சொன்னாள்: "எனக்காவ ஒருத்தி கண்ண மூடிக்கிட்டு நிக்கா. அதப் போயி வேண்டாம்னு சொல்லலாமாலே? நானும் அவளுக்காவ நம்ம ஆழ்வாருகிட்ட வேண்டிக்கிட்டேன். கல்யாணம் ஆவலியாம், பாவம்."

ஆச்சி மதம் மாறவில்லை. மாறாமலிருக்கப் பிரயத்தனமும் செய்யவில்லை. வந்ததை வாங்கிக்கொண்டு, பதிலுக்குத் தன்னிடம் இருந்ததைக் கொடுத்தாள். கொடுக்கல் வாங்கலில் இருவரும் சமம் ஆகிவிட்டார்கள். வந்தவனிடம் ஊர் எதிர்பார்த்தது இந்தச் சமத்துவத்தைத்தான் என்று நினைக்கிறேன். கொடுக்க வந்தவன் வாங்கிக்கொள்ளவும் கையை நீட்ட வேண்டும்.

அப்படி நீட்டியவர்களும் இருந்தார்கள். போப்பையர் 1839-இல் பத்தொன்பது வயதில் வந்து இறங்கினார். 1842-இல் சாயர்புரத்தில் பள்ளிக்கூடம் நடத்தப் போனார். சொல்ல வந்தவர் கேட்கவும் கற்றுக்கொண்டார். 1886-இல் திருக்குறளையும், எண்பதாவது வயதில், 1900-இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அவர் கிறிஸ்தவராகவே வாழ்ந்து கிறிஸ்தவராகவே இறந்தார். மாணிக்கவாசகருக்கு முன்னால் உட்கார்ந்ததால் அவர் விசுவாசத்தில் ஒரு குந்துமணி எடைகூடக் குறைந்துவிடவில்லை. மதுரகவி புளிய மரத்தின் முன்னால் நின்றதைப் போலத்தான் அதுவும்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த திருப்பம் ஒன்று உண்டு. வாங்கியவர்கள் கொடுக்கப் புறப்பட்டார்கள். தேரிக்காட்டு வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் நண்பர்களும் 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். நிஜாம் சீமையில் தோர்ணக்கல் என்ற இடத்துக்குத் திருநெல்வேலிப் பிள்ளைகளை அனுப்பினார்கள். பாஷை தெலுங்கு, காடு, காய்ச்சல். இவர்களுக்கு அது பரதேசந்தான். 1909-இல் அசரியாவே அங்கே போய்விட்டார். மறு வருஷம் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மகாநாட்டில் பேசும்போது, எங்களுக்காக உடைமையைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், சிநேகத்தைத் தரவில்லையே என்ற கருத்தைச் சபையினர் முகத்துக்கு எதிரே சொன்னார். 1912-இல் அவரே பிஷப் ஆனார். ஆங்கிலிகன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர்.

அவர் கேட்டது பெரிய கேள்வி. தியாகம் செய்கிறவனுக்குச் சிநேகம் செய்வது கஷ்டம். தியாகத்தில் ஒருவன் மேலே நிற்கலாம். சிநேகத்தில் நிற்க முடியாது. பக்கத்தில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் எதிராளி சொல்வது காதில் விழும். அவன் சொல்வதில் உண்மை இருந்துவிடுமோ என்ற பயத்தையும் சகித்துக்கொள்ள வேண்டும்.

இன்றும் நாசரேத்துப் பக்கத்து இளைஞர்கள் வடநாட்டு மலைகளுக்கும் காடுகளுக்கும் ஊழியத்துக்குப் போகிறார்கள். மதம் மாற்றப் போகிறார்கள் என்று கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆத்தும ரட்சிப்பு என்று மெய்சிலிர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இரண்டிலும் அவசரம் இல்லை. வீட்டை விட்டு, தாய்மொழியை விட்டுப் போகிறவனுக்கு ஏதோ ஒரு தீ உள்ளே எரிகிறது. அதை நான் பரிகசிக்க மாட்டேன். அவனிடம் ஒன்று மட்டும் கேட்பேன். தம்பி, நீ கொண்டுபோனதை ஒருவன் கேட்டுவிட்டு, 'நல்லதுதான், ஆனால் எனக்கு வேண்டாம்' என்று சொல்லிவிட்டால், மறுநாள் அவன் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டதும் உன் கால் அதே வேகத்தில் அந்த வீட்டுக்கு நடக்குமா? நடக்கும் என்றால் தாராளமாகப் போய்வா. உன் கடவுள் யார் என்று நான் விசாரிக்க மாட்டேன்.