பிரமோஷன் வேண்டாம்

பொதுத்துறை வங்கியில் கிளார்க்காக இருப்பவருக்கு அவ்வப்போது ஒரு சுற்றறிக்கை வரும். அதிகாரியாகப் பதவி உயர்வு வேண்டுவோர் விண்ணப்பிக்கலாம். அன்றைக்குக் கிளையில் வேறு பேச்சே இருக்காது. சம்பளம் கூடும், பிள்ளைகள் படிப்புக்கு ஆகும் என்பார் ஒருவர். எங்கேயாவது வடக்கே தூக்கியடிப்பான், மொழி தெரியாத ஊரில் தனியாகச் சமைத்துச் சாப்பிட வேண்டும் என்பார் இன்னொருவர். வயதான பெற்றோருக்காகவோ மனைவியின் வேலைக்காகவோ வேண்டாம் என்றிருப்பவர்களை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. ஒரு நாவலுக்காக வேண்டாம் என்றால் சிரிப்பார்கள். நான் அப்பாவின் உடல்நிலையைக் காரணமாகச் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் முதல் காரணம் நாவல்தான்.

எனக்கு நகைக் கடன் பிரிவு. மதிப்பீட்டாளர் உரைத்துப் பார்த்து எடை சொல்ல, நான் கணக்குப் போட்டுப் பணம் கொடுக்க எழுதித் தர வேண்டும். வட்டி கட்டித் திருப்பி வைப்பவர்கள், மீட்பவர்கள், தவணை கேட்பவர்கள். சாயங்காலம் கணக்கு டேலி ஆனால் வீடு. இந்த வேலையில் எனக்கு வெறுப்பும் இல்லை, நிறைவும் இல்லை. எழுத நினைப்பதோ ஒரு கண்மாயையும் அதை நம்பிய சில குடும்பங்களையும் பற்றி. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்திலிருந்து இன்றுவரை. மடை, கலுங்கு, நீர்பாய்ச்சியின் முறை, நின்றுபோன குடிமராமத்து என்று பழைய ஆவணங்களைப் படித்து, பெரியவர்களிடம் கேட்டு, பல ஆண்டுகள் தலையில் சுமக்க வேண்டிய வேலை.

இப்படி இரட்டை வாழ்க்கை வாழ்பவனைப் பார்த்து ஊர் சொல்லும் அறிவுரை இரண்டு. வேலையைத் தூக்கி எறி. அல்லது தூக்கத்தைக் குறை. இரண்டிலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

கணித மேதை ராமானுஜனைப் பாருங்கள். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராகச் சேர்ந்தார். மாதம் 30 ரூபாய். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் தன்னை அந்த எழுத்தராகத்தான் அறிமுகம் செய்துகொண்டார். சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்த பிறகே, அந்த ஆண்டு மே மாதத்தில், துறைமுக வேலையிலிருந்து விடுபட்டார். இதில் கண்ணை மூடிக்கொண்டு குதித்த சாகசம் எதுவும் இல்லை. அலுவலக மேலாளர் நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவராக வாய்த்தது அவருடைய நல்லூழ். ஆனால் நான் கவனிப்பது வேறு. துறைமுகம் அவருடைய நேரத்தை வாங்கிக்கொண்டது, ஆசையை வாங்கவில்லை. தலைமை எழுத்தராக வேண்டுமென்று அவர் தவித்ததாக எந்த வரலாற்றிலும் நான் படித்ததில்லை.

எழுத்தாளர் காஃப்காவின் கதை நேர்மாறு. பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் 1908இல் சேர்ந்து 1922இல் ஓய்வு பெறும்வரை திறமையான அதிகாரியாக இருந்தார், படிப்படியாக உயர்ந்தார். முதல் உலகப் போரின்போது, இவர் இல்லாமல் முடியாது என்று சொல்லி நிறுவனமே அவருக்கு ராணுவத்திலிருந்து விலக்கு வாங்கியது. பகல் இரண்டு மணிக்கு அலுவலகம் முடிந்துவிடும். இன்றைக்கு யாருக்கு அது வாய்க்கும்? இருந்தும் அந்த வேலையைப் பற்றி நாட்குறிப்பிலும் கடிதங்களிலும் அவர் புலம்பியது கொஞ்சமில்லை. மூன்று நாவல்களும் முற்றுப்பெறவில்லை. காசநோயும், தன் எழுத்தின் மீது அவர் காட்டிய கடுமையும் அதற்குக் காரணங்கள்தாம். ஆனாலும் அலுவலகம் தின்றதைவிட அலுவலகத்தோடு அவர் மனதுக்குள் நடத்திய சண்டை அதிகம் தின்றதோ என்று எனக்குத் தோன்றும்.

டீக்கடையில் நின்று மேனேஜரைக் கிழித்துத் தோரணம் கட்டும் நண்பர்களிடமும் அந்தச் சண்டையைப் பார்க்கிறேன். வேலை நேரம் முடிந்த பிறகும் அவர்கள் வேலைதான் பார்க்கிறார்கள், சம்பளமில்லாமல். சலிப்பூட்டும் வேலை ஆபத்தானதல்ல. வீட்டுக்கு வந்ததும் அது மறந்துபோகும். வெறுக்கும் வேலை கூடவே வரும். பிடித்த வேலை அதைவிட ஆபத்து. இருக்கிற ஆசையை எல்லாம் அதுவே வாங்கிக்கொண்டு, நாவல் இல்லாமலே நம்மை நிறைவாக உணரவைத்துவிடும்.

ஆசையை ஒரே இடத்தில் வைப்பதற்கு விலை உண்டு. எனக்குக் கீழே பயிற்சி பெற்றவர் கிளை மேலாளராக வந்தார். எழுந்து நின்று "குட்மார்னிங் சார்" சொன்னேன். அதில் எனக்குப் பெரிய வலி இல்லை. வலித்தது, மாமியார் உறவினரிடம் தணிந்த குரலில் பேசியதுதான்: "மாப்ள இன்னும் கவுன்டர்லதான் இருக்காக." கூடாமல் போன சம்பளம் என்னுடையது மட்டுமல்ல, மனைவி, மகள் எல்லோருடையதும். நாவல் குடும்ப நகையை வைத்து நான் வாங்கிய கடன். அசலைத் திருப்ப முடிகிறதோ இல்லையோ, வட்டியாவது ஒழுங்காகக் கட்ட வேண்டும். அதனால் எழுதி முடித்த அத்தியாயத்தை முதலில் மனைவிக்குப் படித்துக் காட்டுகிறேன். "இந்தக் கிழவி இப்படிப் பேச மாட்டாங்க" என்று அவள் சொன்னால், மாற்றி எழுதுகிறேன்.

அப்படியானால் வேலையை விட்டவர்கள் தவறு செய்தார்களா? அசோகமித்திரன் 1966இல் ஜெமினி ஸ்டுடியோவிலிருந்து வெளியேறி முழுநேர எழுத்தாளராக வாழ்ந்தார், வறுமையோடுதான். அந்த மன உரத்துக்கு வணக்கம். ஆனால் தீவிரமான தமிழ் நாவல் ஒன்று சில நூறு பிரதிகள் விற்றாலே பதிப்பாளர் மகிழும் நிலையில், வேலையை விடுகிறவர் முதலாளியை மாற்றிக்கொள்கிறார், அவ்வளவுதான். வாராவாரம் பத்திரிகை கேட்பதையோ, சினிமா கேட்பதையோ எழுத வேண்டிவரும். சம்பளம் வாங்குகிறவனின் நாவலுக்கு யாரும் கெடு வைப்பதில்லை. அது வேண்டிய காலத்தை எடுத்துக்கொள்ளலாம்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. மாலையில் அடைபடும் கவுன்டர், நிச்சயமான சம்பளம், சங்கம் போராடி வாங்கிக் கொடுத்த விடுப்பு, எல்லாம் எனக்குக் கிடைத்த சலுகைகள். தெருத்தெருவாக உணவு கொண்டுபோய்க் கொடுப்பவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் அக்கா மகனிடம்தான் சொன்னேன். அவன் ஒரு சித்திரக்கதை வரைகிறான், பெரிய திட்டம். நள்ளிரவிலும் அலுவலகத்திலிருந்து போன் வரும். ராஜினாமா செய்யவா என்று கேட்டான்.

"விடாதே. மண்டைக்கு வேலை இல்லாத, நேரத்துக்கு முடிகிற வேலையாப் பாரு. சம்பளம் குறைஞ்சாலும் பரவாயில்லை" என்றேன்.

"எல்லாரும் மேல போகச் சொல்வாங்க, நீங்க கீழ இறங்கச் சொல்றீங்களே மாமா?"

ஆமாம் என்றேன். ராஜினாமா செய்தால் நாலு பேர் தைரியசாலி என்பார்கள். சின்ன வேலைக்கு இறங்கினால் ஒருவரும் பாராட்ட மாட்டார்கள். தோற்றுவிட்டான் என்றுகூடச் சொல்வார்கள். படம் வரைந்து முடியும்வரை அந்தப் பேச்சைத் தாங்க முடியுமா என்று அவன்தான் யோசிக்க வேண்டும். தாங்க முடியும் என்றால் நேரம் கிடைத்துவிடும்.