எஞ்சாமி யார்?

2021 மார்ச். வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம். 'என்ஜாய் எஞ்சாமி' வெளியாகிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. ஆபீஸ் சாட்டில் புனேக்காரத் தோழி ஒருத்தி கேட்டாள்: "பாட்டு சூப்பர். எஞ்சாமின்னா என்ன அர்த்தம்?" பாடி எழுதிய அறிவு எங்கள் அரக்கோணத்துக்காரர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். பதில் சொல்ல வேண்டியவனும் நானே ஆகிவிட்டேன்.

'என் எஜமானே' என்று டைப் செய்தேன். அழித்தேன். 'என் செல்லமே' என்று போட்டேன். அதையும் அழித்தேன். இரண்டும் சரிதான். ஆனால் இரண்டையும் ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தபோது என்னவோ பொய் சொல்வது போல் இருந்தது. "ரெண்டு அர்த்தம் இருக்கு, அப்புறம் சொல்றேன்" என்று ஒரு ஸ்மைலியோடு தப்பித்துவிட்டேன்.

அந்த இரண்டு அர்த்தங்களையும் நான் ஒரே நாளில், ஒரே வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். ஆறேழு வயது இருக்கும். பள்ளிக்கூடம் லீவு என்பதால் ஆயா என்னையும் நடவுக்குக் கூட்டிப்போயிருந்தாள். நிலத்துக்காரர் டிவிஎஸ் 50-ல் வந்து இறங்கினார். வரப்பில் நின்றிருந்த ஆயா அவருக்கு வழிவிட்டுச் சேற்றில் இறங்கி நின்றாள். "நேத்துக் கூலியும் சேத்துக் குடுத்துடுங்க சாமி." அவர் ஏதோ முனகிவிட்டுப் போனார். மத்தியானம் புளியமரத்தடியில் தூக்குவாளியைத் திறந்து, நான் கூழ் வேண்டாம் என்று அடம்பிடித்தபோது, "ஒரு வாய் துன்னு சாமி, எஞ்சாமி இல்ல" என்றாள். இரண்டுக்கும் நடுவே மூன்று மணி நேரம்கூட இருக்காது. அன்றைக்கு எனக்கு இது உறைக்கவில்லை. உறைக்க ஒரு பாட்டு வரவேண்டியிருந்தது.

பாட்டின் பின்னணி பலருக்கும் தெரிந்ததுதான். சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் தீயும் அறிவும் பாடியது, மாஜா வெளியீடு. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, பிறகு இங்கே திரும்பியவர். 1948-ன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் சரிபாதியாக வகுத்தார்கள். சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. அங்கே மலையில் 'தொரை' என்று கூப்பிட ஒருவர் இருந்தார். இங்கே திரும்பி வந்த நிலமற்றவர்களுக்கு 'சாமி' காத்திருந்தார். காட்டைத் திருத்தியவருக்கே அதன் விளைச்சல் போய்ச்சேராத கதை, ஒப்பாரியின் சாயலில், அந்தப் பாட்டு முழுக்க ஓடுகிறது.

சொல்லைக் கொஞ்சம் தோண்டினால் இன்னும் சங்கடம். சாமி என்பது சுவாமி. வடமொழியில் அதன் அடிப்படைப் பொருளே உடைமைக்காரன். சரி, அது வெளியிலிருந்து வந்தது என்று தமிழ்ப் பக்கம் ஒதுங்கினால், ஆண்டவன் என்பவன் ஆண்டவன்தான். உடையவனும் அப்படியே. திருக்குறளில் 'இறைமாட்சி' 39-ஆவது அதிகாரம். அது கடவுளைப் பற்றியது அல்ல, அரசனைப் பற்றியது. கோயில் என்றால் கோவின் இல். நம் மொழியில் கடவுளுக்கே நிலச்சுவான்தார் ஜாடை இருக்கிறது! அப்புறம் குழந்தையைக் கொஞ்ச மட்டும் வேறு சொல்லுக்கு எங்கே போவது? ராசா, சாமி, "தொரைக்கு என்ன வேணுமாம்?" எல்லாம் மேலே இருந்தவனிடம் இரவல் வாங்கியவை.

பாட்டு ஓடத் தொடங்கியதும் 'அழகான இருபொருள்' என்று நிறையப் பேர் எழுதினார்கள். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. சிலேடை என்பது ரசிக்கிற விஷயம். அதில் யாரும் சேற்றில் இறங்கி நிற்பதில்லை. இன்னொரு கூட்டம் 'அடிமைச் சொல்லை அன்புச் சொல்லாக மாற்றிவிட்டார்கள்' என்றது. அதுவும் முழுக்க ஒட்டவில்லை. ஆயா எதையும் மாற்றிவிடவில்லை. அவள் இரண்டையும் கடைசிவரை வைத்திருந்தாள்.

நான் கண்டுபிடித்த விடை இது: ஒரு சொல்லின் அர்த்தம் அதைச் சொல்லாமல் இருக்க முடியுமா என்பதில் இருக்கிறது. நிலத்துக்காரரிடம் 'சாமி'யை விட்டுவிட்டுப் பேசியிருந்தால் அடுத்த நாள் ஆயாவுக்கு வேலை இருந்திருக்காது. என்னிடம் விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, "துன்னுடா" என்று ஒரு தட்டுத் தட்டியிருந்தாலும் நான் தின்றிருப்பேன். சொல்லாமலிருக்க முடிந்தும் சொன்னாளே, அதுதான் அன்பு. ஒரே வேரியபிள் பெயர், வேறு வேறு ஸ்கோப். இன்ஜினியர் மூளைக்குத் திருப்தியாக இருந்தது.

திருப்தியை ஒப்பாரி கெடுத்தது. பெரிய வீட்டில் சாவு விழுந்தால் பறையடிக்க ஆண்களும் மாரடித்து அழப் பெண்களும் போயாக வேண்டும் என்ற கட்டாயம் நம் கிராமங்களில் இருந்தது. போகாமல் இருக்க முடியாது. அங்கே பாடும் 'சாமி' கட்டாயச் சாமி. ஆனால் ஒப்பாரி வைக்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள், கண்ணீர் கிடத்தியிருக்கிறவருக்காக மட்டும் வருவதில்லை. செத்துப்போன தன் பிள்ளைக்கு, புருஷன் வீட்டில் பட்டதற்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் வருகிறது. சொல் அவருடையது, அழுகை இவளுடையது. என் விதி இந்த இடத்தில் உடைந்து போகிறது. கட்டாயத்துக்குள்ளும் ஒருத்தி தனக்கென்று ஒரு அர்த்தத்தை ஒளித்து வைத்துக்கொள்ள முடியும் என்றால், வெளியிலிருந்து கேட்கிற நான் எதை வைத்துப் பிரிப்பது?

உள்ளூர்க்காரன் என்பதாலேயே பிரித்துவிட முடியாது என்பதை ஃபிரடெரிக் டக்ளஸ் 1845-லேயே தன் சுயசரிதையில் எழுதிவிட்டார். அடிமைகள் பாடுவதை அவர்களின் சந்தோஷத்துக்குச் சாட்சியாக வடக்கே சிலர் சொல்வதைக் கேட்டு அதிர்ந்துபோகிறார் அவர். கூடவே ஒன்றை ஒப்புக்கொள்கிறார்: தானும் அடிமையாக அந்த வட்டத்துக்குள் இருந்தபோது அந்தப் பாட்டுகளின் ஆழமான அர்த்தம் தனக்கும் விளங்கவில்லை. எனக்கும் புளியமரத்தடியில் கூழ்தான் தெரிந்தது.

ஆனால் யார் சொன்னது என்பதை எடுத்துவிட்டால் மிச்சம் தாளம்தான் என்பது மட்டும் நிச்சயம். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. எதிர்ப்பு வந்த பிறகு அவருக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 'நாட்டுப்புறச் சாயல்', 'மக்கள் பாட்டு' என்று நாம் பாராட்டுகிற வேகத்தில், சொன்ன ஆள் கழன்றுபோய்விடுவது சுலபமாக நடக்கிறது. நாட்டுப்பாடலுக்கு ஆசிரியர் கிடையாது என்று பாடத்தில் படித்துத்தானே வளர்ந்தோம்.

அந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயாவிடமே கேட்டேன். "அந்த நெலத்துக்காரரையும் சாமின்ன, என்னையும் சாமின்ன. ரெண்டும் ஒண்ணா ஆயா?"

அவள் வெற்றிலையை மடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தாள். "அவுங்கள கூப்புட்டா தல குனியணும். நீ குள்ளமா இருந்த, உன்னைக் கூப்புட்டாலும் குனியணும்." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "இதெல்லாம் எதுக்கு இப்ப? இன்னா, அதுக்கும் துட்டு தராங்களா உங்க ஆபீஸ்ல?"

அவள் பதில் சொன்னாளா, கிண்டல் செய்தாளா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. புனேக்காரத் தோழி இப்போது வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள்.

போன மே மாதம் அக்னி வெயிலில் பார்சல் கொடுக்க ஒரு பையன் வந்தான். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. நான் ஓடிபி தேடிக்கொண்டிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆயா சொம்பை நீட்டி, "தண்ணி குடிச்சிட்டுப் போ சாமி" என்றாள். அவன் யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தான்.