வரம்புக்குள்

பாகான் டத்தோ பக்கம் ஒரு செம்பனை ஆலையில் கழிவுநீர் என் பொறுப்பு. குலையை ஆவியில் வேகவைத்துப் பிழிந்தபின் மிஞ்சும் பழுப்புத் தண்ணீரின் பிஓடி, லிட்டருக்கு ஏறக்குறைய 25,000 மில்லிகிராம். அதைத் தின்னும் கிருமிகள் அவ்வளவு ஆக்சிஜனை ஆற்றிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும் என்று பொருள். 1978இல் மலேசியச் சட்டம் 5,000 வரை அனுமதித்தது. படிப்படியாக இறக்கி, 1984இல் 100 ஆக்கினார்கள். சாதாரண விஷயமில்லை.

ஆனால் 100 யாருக்கு வரம்பு? குளங்களைச் சுத்திகரித்து ஆலைகளால் எட்ட முடிந்த எண் அது. எந்த மீனையும் கேட்டு வைத்ததல்ல.

கனடாவில் காகிதக்கூழ் ஆலைகளுக்கு 1992 விதிகள் உண்டு. சால்மன் குடும்பத்து டிரவுட் மீன்களைக் கலப்படமில்லாத கழிவுநீரில் 96 மணி நேரம் விடுவார்கள். பாதிக்கு மேல் செத்தால் தோல்வி. சரியாகப் பாதி செத்தால் பாஸா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் அவர்கள் மீனிடம் கேட்கிறார்கள். நாம் 30 டிகிரியில் மூன்று நாள் மூடிவைத்த போத்தலிடம் கேட்கிறோம்.

சாகாததும் போதாது. சுப்பீரியர் ஏரியின் ஜாக்ஃபிஷ் விரிகுடாவில், கூழாலைக் கழிவு விழும் இடத்தில் மீன்கள் உயிரோடுதான் இருந்தன. பருவமடைவது தள்ளிப்போயிருந்தது, இனப்பெருக்க உறுப்புகள் சிறுத்திருந்தன.

நம் ஆற்றில் ஊடாங் காலா இருக்கிறது. சால்மனுக்கு நேர்மாறு. சினை இறால் கழிமுகத்துக்கு இறங்கி வரும். உப்புக் கலந்த நீரில்தான் குஞ்சு பிழைக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் ஆற்றில் மேலேறும். ஆக, பேராக் ஆறு முழுக்கச் சுமந்து வருவதெல்லாம் கடைசியில் வந்து சேரும் இடத்தில்தான் அந்த உயிர் தன் மிகச் சிறிய வயதைக் கழிக்கிறது. ஒவ்வொரு ஆலையும் வரம்புக்குள்ளேயே இருக்கலாம். சட்டம் லிட்டருக்கு எவ்வளவு என்று கேட்கிறது, கரையில் எத்தனை ஆலை என்று கேட்பதில்லை.

"ஆறு பெருசுடா, கரைஞ்சிரும்" என்பான் கூட வேலை செய்யும் நண்பன். அவன் சொல்வது பொய்யில்லை. ஆனால் கரைவது அடுத்தவனுடைய பங்கையும் சேர்த்துத்தான்.

சட்டத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. அந்த 100 இல்லாவிட்டால் நிர்வாகத்திடம் பேச என்னிடம் ஒன்றுமே இருக்காது. எஸ்டேட்டை விட்டு வந்த குடும்பங்களுக்கு இந்த ஆலைதான் சோறு. ஆனாலும் சட்டத்துக்கு உட்பட்டிருப்பதும் கெடுதல் செய்யாதிருப்பதும் ஒன்றல்ல. முதலாவதற்குக் கையெழுத்துப் போடுகிறேன். இரண்டாவதை யாரும் என்னிடம் கேட்பதில்லை.

பொரிப்பகங்களில் ஊடாங் காலா குஞ்சு கிடைக்கும். நன்னீருக்குப் பழகிய குஞ்சாக எடுக்க வேண்டும், இல்லையென்றால் உப்பில்லாமலே செத்துவிடும். கடைசிக் குளத்துத் தண்ணீரில் நான்கு நாள் விட்டுப் பார்க்கலாம் என்று மேலாளரிடம் சொன்னேன்.

"செத்துப்போனா என்ன எழுதுவ?" என்றார். அதற்காகத்தான் சார் விடுறது என்றேன்.