தராசும் தூக்குச்சட்டியும்

பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பழமொழியில் பசி தானாகவே வருகிறது, மழை வருவதைப் போல. பசியையும் ஒருவன் தராசில் நிறுத்து இன்னொருவனுக்குக் கொடுக்க முடியும் என்பதைப் பழமொழி சொன்னவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

நாஜிகள் அதைச் செய்தார்கள். அவர்கள் பிடித்துக்கொண்ட போலந்தில், ஆஷ்விட்ஸ் முகாமில், யூதக் கைதிக்குக் காலையில் காப்பி என்ற பெயரில் கறுப்புத் தண்ணீர்; நண்பகலில் கிழங்குத் துண்டு மிதக்கும் சூப்; மாலையில் ஏறக்குறைய 300 கிராம் ரொட்டி. இதை உண்டு, நாளெல்லாம் கடுமையாக உழைக்க வேண்டும். கையில் பச்சை குத்திய எண்தான் பெயர். இரவில் ஒரே பலகையில் நெருக்கியடித்துப் படுக்க வேண்டும். மிச்சம் வைத்த ரொட்டி விடியும்போது இருக்குமென்ற உறுதி இல்லை.

திருடியவனும் ஒரு கைதிதான். அவனைக் கள்வன் என்று சொல்லிவிடலாமா? வயிறார உண்டு, சாய்ந்திருந்து படிக்கும் நாம் அந்தத் தீர்ப்பைச் சொல்லக் கூச வேண்டும். ஆனால், ரொட்டியைப் பறிகொடுத்தவனும் பசித்தவனே. அவன் உயிரே அதில்தான் இருந்தது. தவறு தவறுதான். ஆயினும் அதைத் தராசு பிடித்தவன் கணக்கில்தான் எழுத வேண்டும்.

அப்படியானால் அங்கே அறமே இல்லையா? இருந்தது. ஆஷ்விட்ஸைச் சேர்ந்த மோனோவிட்ஸ் முகாமில் பிரீமோ லெவி என்ற இத்தாலிய யூதர் கைதியாக இருந்தார். அங்கே கட்டட வேலைக்கு வந்திருந்த லோரென்சோ பெரோனே என்ற கொத்தனார் கைதியல்லர்; யூதருமல்லர். 1944இல் ஆறு மாத காலம், அவர் நாள்தோறும் ரொட்டியும், தூக்குச்சட்டியில் சூப்பும் லெவிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அகப்பட்டிருந்தால் தண்டனை நிச்சயம். கைம்மாறு கேட்கவில்லை.

உயிர் பிழைத்த லெவி 1947இல் தம் முகாம் வாழ்க்கையை நூலாக வெளியிட்டார். அந்த உணவைக் காட்டிலும், வெளியே நல்ல உலகம் ஒன்று இன்னும் இருக்கிறது என்று அந்த மனிதர் நினைவூட்டியதே தம்மைக் காத்தது என்று அவர் கருதினார். பின்னாளில் தம் பிள்ளைகள் இருவருக்கும் கொத்தனாரின் பெயரை ஒட்டியே பெயர் வைத்தார்.

பறந்து போன பத்தில் ஒன்றை அந்தத் தூக்குச்சட்டி திருப்பிக் கொண்டுவந்தது. பசித்தவனின் குற்றத்தை எண்ணத் தொடங்குமுன், நம் கையில் இருப்பது தராசா, தூக்குச்சட்டியா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்வோம்.