தேர்க்காலும் தீர்ப்பும்

மாவட்ட நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். திருவாரூர்க் கோயிலுக்கு உறவினர்களை அழைத்துப் போனால், மனுநீதிச் சோழன் கல்தேர் முன்னால் நின்று, "நீதின்னா இதுதான்!" என்பார்கள். நான் பேசாமல் இருந்துவிடுவேன். மணியடித்த பசுவுக்காக அரசனே வாசலுக்கு வந்தானே, அதற்கு என் கும்பிடு எப்போதும் உண்டு. தீர்ப்பைத்தான் ஏற்க முடியவில்லை.

குற்றம் சாட்டப்பட்டவன் சொந்த மகன். தகப்பன் அந்த வழக்கைத் தொட்டிருக்கவே கூடாது. கன்று துள்ளி ஓடிவந்து சக்கரத்தில் மாட்டியது. இளவரசன் அதைப் பார்க்கவும் இல்லை. கழுவாய் செய்யலாம் என்று அமைச்சர்கள் சொன்னதும் எடுபடவில்லை. இளவரசன்மேல் தேர் ஓட்டப் பணிக்கப்பட்ட அமைச்சர் தன் உயிரை விட்டார். பிறகு அரசனே ஓட்டினான். கன்றின் உயிருக்கு இரண்டு மனித உயிர்கள்! சேக்கிழாருக்கே அதோடு நிறுத்த மனம் வரவில்லை போலும். சிவபெருமானை வரவழைத்து எல்லோரையும் எழுப்பிவிடுகிறார்.

எங்கள் நீதிமன்றத்துக்கு அவர் வருவதில்லை. அதனால்தான் அமர்வு நீதிபதி தூக்குத் தண்டனை விதித்தாலும், உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் அதை நிறைவேற்ற முடியாது. 1980-ல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரிதினும் அரிதான வழக்குகளுக்கு மட்டுமே அந்தத் தண்டனை என்று வரம்பு கட்டியதும் அதனால்தான்.

குற்றவாளி என்று முடிவான பிறகு, தண்டனை பற்றி என்ன சொல்கிறாய் என்று அவனைக் கேட்டாக வேண்டும். "வயசான அம்மா இருக்காங்கய்யா, என்னை விட்டா யாருமில்ல." பெரும்பாலும் இதுதான் பதில். அவனைப் பெற்றவள் ஒருத்தி இருக்கிறாள் என்பது அதுவரை சாட்சியத்தில் எங்கும் வந்திருக்காது. அவன் சிறையில் எப்படி நடந்துகொண்டான், திருந்தக்கூடியவனா என்றெல்லாம் விசாரிக்க வேண்டிய இடம் இது. சிலர் கேள்வியைச் சடங்காகக் கேட்டுவிட்டு, அரை மணி நேரத்தில் தண்டனையை வாசிப்பார்கள். தட்டச்சு ஏற்கெனவே முடிந்திருக்கும்! நான் சாமி கும்பிடுகிறவன். அதைப் பாவம் என்றே சொல்வேன்.

தண்டனை விசாரணையைப் பொதுவாக வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்று 1989-லேயே அலாவுதீன் மியான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வருஷக்கணக்கில் வாய்தா கொடுத்துப் பழகியவர்கள் நாம். இளம் நீதிபதிகளே, இந்த ஒரு வாய்தாவையும் கொடுங்கள்.