துண்டுக்கு அடியில் காயும் துணி

தோல் மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "உள்ளாடையை எங்கே காயப்போடுறீங்க?"

தொடை இடுக்கில் படர்தாமரை என்று அவரிடம் போயிருந்தேன். அதற்கு முன் எட்டு மாதம், மருந்துக்கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, "அரிப்புக்கு ஏதாவது" என்று கேட்டு ஒரு கிரீம் வாங்கிப் பூசினேன். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. பூசினால் அரிப்பு அடங்கும், பூஞ்சை அடங்காது. நிறுத்தினால் முன்னைவிடப் பெரிய வட்டமாகத் திரும்பி வரும்.

எங்கள் மொட்டைமாடிக் கொடியில் கணவரின் ஜட்டியும் பனியனும் வெயிலில் ஆடும். என்னுடையவை ஒரு துண்டுக்கு அடியிலோ குளியலறைக் கதவுக்குப் பின்னாலோ கிடக்கும். அப்படிப் போடச் சொல்லி யாரும் கற்றுத்தந்த நினைவில்லை. அம்மா செய்தாள், நானும் செய்தேன். நாகர்கோவிலில் வருடத்துக்கு இரண்டு மழைக்காலம். பாதி ஈரத்தோடுதான் இத்தனை வருடமும் உடுத்தியிருக்கிறேன்.

மருத்துவர் சொன்னவை எளிய விஷயங்கள். தளர்வான பருத்தி உள்ளாடை, வெயிலில் காய்ந்த துணி, வியர்த்தால் மாற்றுவது, குளித்ததும் மடிப்புகளை ஈரம் போகத் துடைப்பது, துண்டைப் பகிராமல் இருப்பது, லெகின்ஸைக் கொஞ்ச காலம் விடுவது. ஆனால் என் பள்ளியில் ஆசிரியைகளுக்குச் சீருடைச் சேலை, சுத்த பாலியஸ்டர். பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 விழுக்காடு ஈரத்தைக் காற்றிலிருந்தே ஏற்கும். பாலியஸ்டர் அரை விழுக்காடுகூட ஏற்காது. வியர்வை தோலிலேயே நிற்கும். சாயங்காலம் வரை கசங்காது என்பதுதான் அந்தச் சேலையின் பெருமை. உள்ளே இருப்பவள் கசங்கலாம்.

பருத்திச் சேலைக்கு அனுமதி கேட்டேன். மருத்துவச் சான்று வேண்டும் என்றார்கள். "தொடை இடுக்கு" என்று எழுதிய தாளை ஓர் ஆண் நிர்வாகியின் மேசையில் வைத்துவிட்டு, அவர் படித்து முடிக்கும்வரை நின்றேன். அனுமதி கிடைத்தது, எனக்கு மட்டும். ஓய்வறையில் விஷயத்தைச் சொன்னபோது மூன்று பேர் கைப்பையிலிருந்து அதே கிரீம் டியூபை எடுத்துக் காட்டினார்கள். அவர்கள் யாரும் அந்தத் தாளைக் கொண்டுபோய் வைக்கத் தயாரில்லை. அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தோலுக்குச் சுகம் கேட்பது சொகுசா? பொறுத்துக்கொள்வதைப் பெண்ணின் குணம் என்று நாமே மெச்சிக்கொள்கிறோம். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்காக ராத்திரி கண்விழித்துப் பொறுத்தால் ஒரு பிள்ளை தேறுகிறது. வகுப்பறையில் சொறிய முடியாமல் பல்லைக் கடித்து நின்றால் யார் தேறுகிறார்கள்? யாருடைய கண்ணும் உறுத்தாமல் இருக்கும், அவ்வளவுதான். இந்தப் பொறுமையில் எனக்கு அறம் எதுவும் தெரியவில்லை.

அதற்காகத் துணியைக் குறைப்பதே விடுதலை என்று சொல்லவும் மாட்டேன், எங்கள் ஊரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்ததற்காக அடி வாங்கியிருக்கிறார்கள். 1859இல்தான் அரசாணை வந்தது. அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருந்தது. அவர்கள் துணி கேட்டார்கள், நான் காற்று கேட்கிறேன். இரண்டு கேள்வியும் போய் நிற்கும் வாசல் ஒன்றுதான்.

ஆனால் என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அனுமதி கிடைத்த வாரமே அந்தப் பாலியஸ்டர் சேலைகளை மூட்டை கட்டி, வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் கொடுக்க எடுத்துவைத்தேன். முடிச்சுப் போட்ட பிறகுதான் அவருக்கும் தோல் இருப்பது உறைத்தது. வெட்கத்தோடு, "காட்டனாவே வாங்கித் தரட்டுமாக்கா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "காட்டன் காய ரெண்டு நாளாவும் டீச்சர். இது ராத்திரி அலசிப்போட்டா காலைல கட்டிரலாம். எனக்கு மாத்துக்கு எங்க இருக்கு?" காற்றோட்டமான துணி என்றால் மாற்றுத்துணியும், அதைக் காயவைக்க இடமும் நேரமும் சேர்ந்துதான். மருத்துவரின் சீட்டில் அதெல்லாம் இல்லை. இரண்டு பருத்திச் சேலை வாங்கிக் கொடுத்தேன். கணக்கு தீர்ந்ததாகத் தோன்றவில்லை.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். அவள் இடுப்பில் உள்பாவாடை நாடா பதிந்த கறுத்த வடு சுற்றிலும் ஓடுகிறது. அந்த இடம் வருடக்கணக்கில் உரசிப் புண்ணாகி, மிக அரிதாகப் புற்றாகவும் மாறலாம். மருத்துவத்தில் அதற்குச் 'சேலைப் புற்று' என்று ஒரு பெயரே இருக்கிறது. 2024இல்கூட நம் நாட்டு மருத்துவர்கள் இரண்டு பெண்களுக்கு அப்படி வந்ததை மருத்துவ இதழில் எழுதினார்கள். நாடாவைத் தளர்த்திக் கட்டச் சொன்னால், "கெடக்கட்டு மக்ளே, பழகிட்டு" என்பாள். அகலமான பட்டை வைத்து இரண்டு உள்பாவாடை தைத்துக் கொடுத்தேன். ஒன்றை மட்டும் உடுத்துகிறாள்.

காலையில் என் உள்ளாடைகளை மாடியில் நல்ல வெயிலில் விரித்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறேன். சாயங்காலம் எடுக்கப் போனால் மேலே ஒரு துண்டு கிடக்கும். அதை எடுத்து மடித்துக் கொண்டுவந்து அவள் கட்டிலில் வைப்பேன். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.